அரண் எங்கே முடிகிறது? சிங்கப்பூர்த் தற்காப்பும் நாளைய சவால்களும்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததற்குப் பீரங்கிகளைக் குறை சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அவை கடலையே பார்த்துக்கொண்டிருந்தனவாம். பாதிக் கதைதான் அது. பல பீரங்கிகள் நிலப்பக்கமும் திரும்பக்கூடியவை. கைவசம் இருந்த குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலின் இரும்பைத் துளைக்கச் செய்தவை என்பதால் காலாட்படைக்கு எதிராக அதிகம் உதவவில்லை. பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் புக்கிட் தீமாவிலிருந்த ஃபோர்டு ஆலைக்குச் சரணடையச் சென்றபோது அவரை நெருக்கிய காரணங்களுள் ஒன்று தண்ணீர். நீர்த்தேக்கங்கள் ஜப்பானியர் வசம் போய்விட்டன. நகரக் குழாய்கள் குண்டுவீச்சில் உடைந்து, வந்த கொஞ்ச நீரும் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. வள்ளுவர் அரண் அதிகாரத்தில் மதிலோடு நீரையும், கோட்டைக்குள் சேர்த்துவைக்கும் உணவையும் ஏன் சேர்த்தெண்ணினார் என்பதற்கு இதைவிட நல்ல உரை கிடையாது.

1965இல் தனி நாடானபோது சிங்கப்பூரிடம் இருந்தவை இரண்டு காலாட்படைப் பிரிவுகள். அடுத்த மூன்றாண்டுகளுக்குள், தன் படைகளை விலக்கிக்கொள்ளப்போவதாக பிரிட்டனும் அறிவித்துவிட்டது. 1967இல் தேசிய சேவை கட்டாயமானது. பயிற்சி தர வந்த இஸ்ரேலியர்களை அண்டை நாடுகளின் மனம் கோணாதிருக்க ‘மெக்சிகோக்காரர்கள்’ என்று சொல்லிவைத்தார்கள். அதைவிட எனக்குச் சுவையாகப் படுவது அணிவகுப்புத் திடல். ஆங்கிலத்தில் நிர்வாகம் நடக்கும் நாட்டில், சீனர் பெரும்பான்மையாக உள்ள படையில், கட்டளை மலாயில் ஒலிக்கிறது. ‘செடியா’ என்று சார்ஜண்ட் குரல் கொடுத்தால் தமிழ்ப் பையனும் சீனப் பையனும் ஒரே நொடியில் விறைத்து நிற்கிறார்கள். ஆங்கிலம் தெரியாத இளைஞர்களுக்காக ஹொக்கியன் மொழியில் பயிற்சி தந்த பிரிவுகளும் தொடக்க காலத்தில் இருந்தன. துப்பாக்கி பிடிக்கக் கற்றுத்தந்ததைக் காட்டிலும், பக்கத்துக் கட்டிலில் படுப்பவன் யாரென்று காட்டியதே அந்தப் படை நாட்டுக்குச் செய்த பெரிய உதவி என்பேன்.

முழுமைத் தற்காப்புத் திட்டம் 1984இல் வந்தது. ஸ்வீடன், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் முறைகளைப் பார்த்து வடிவமைத்தது. ராணுவம், குடிமை, பொருளியல், சமூகம், மனோவியல் என ஐந்து தூண்கள். 2019இல் மின்னிலக்கம் ஆறாவதானது. பள்ளிச் சுவரொட்டியில் படிக்கும்போது கொட்டாவி வரவைக்கும் பட்டியல்தான். ஆனால் வீட்டுக்குள் வந்து பாருங்கள். 1998 முதல் கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் தடித்த சுவரும் கனத்த எஃகுக் கதவும் கொண்ட சிறிய அறை ஒன்று இருக்கும். சட்டப்படி அது பாம் ஷெல்டர். நடைமுறையில் அரிசி மூட்டை, தீபாவளிக்கு மட்டும் இறக்கும் முறுக்குச் சட்டி, பிள்ளை வளர்ந்துவிட்ட பிறகும் தூக்கிப்போட மனம் வராத தள்ளுவண்டி எல்லாம் அங்கேதான். பலர் இதைக் கேலி செய்கிறார்கள். போர்க்கால அறையில் அரிசி மூட்டை இருப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, அடுத்த மாதமே சிங்கப்பூருக்கு விலக்குக் கிடைத்தது. உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் அரிசியும் ஒரு தற்காப்பு விவகாரம். அதனால்தான் அரிசி இறக்குமதியாளர்கள் இரு மாத அளவுக்குச் சரக்கைக் கையிருப்பில் வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

முழுமைத் தற்காப்புக்கு உண்மையான சோதனை 2020இல் வந்தது, எதிரிப்படையின் உருவத்தில் அல்ல, கொவிட்-19 கிருமியின் உருவத்தில். ஆண்டின் தொடக்கத்தில் வீட்டுக்கு நான்கு வீதம் வழங்க 52 லட்சம் முகக்கவசங்களைப் பொட்டலம் கட்டியது படைவீரர்கள்தாம். அது எளிய வேலை. ஏப்ரலில் கிருமி வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளுக்குள் வேகமாகப் பரவியது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்தவர்கள் அவர்களில் மிகப் பலர். ஓர் அறையில் பத்து, இருபது பேர்; கழிவறையும் சமையற்கூடமும் பொது. ஊழியர் நலத் தொண்டூழியர்கள் மார்ச்சிலேயே எச்சரித்திருந்தார்கள்.

ஏப்ரல் தொடக்கத்திலேயே ஆயுதப் படையின் தலைமையில் கூட்டுப் பணிக்குழு அமைந்தது. படைவீரர், காவல்துறையினர், மனிதவள அமைச்சு அதிகாரிகள் சேர்ந்து விடுதி விடுதியாக அனுப்பப்பட்டனர். அங்கே துப்பாக்கிக்கு வேலையில்லை. நேரத்துக்குச் சாப்பாடு வந்ததா, ஊருக்குப் பணம் அனுப்ப வழி உண்டா, கைப்பேசிக்கு இணையம் இருக்கிறதா, காய்ச்சல் எத்தனை பேருக்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்வதே வேலை. கிருமி தொற்றாத ஊழியர்களில் ஒரு பகுதியினரை பிடோக், ஜூரோங் ராணுவ முகாம்களுக்குக் கொண்டுபோய்த் தங்கவைத்தார்கள். ஆண்டு முடிவில் எடுத்த கணக்கின்படி விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. அவர்களில் உயிரிழந்தவர்கள் மிகச் சிலரே. ஆட்பலமும் கட்டளைக்கட்டும் போக்குவரத்தும் ஒரே கையில் இருந்த அமைப்பு படை ஒன்றுதான். இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

பாராட்டோடு நிறுத்தவும் முடியாது. முப்பத்தாறு ஆண்டுகளாகத் தூண் தூணாக எழுப்பிய அரணின் வரைபடத்தில் அந்த விடுதிகள் இல்லை. பாம் ஷெல்டர்களைக் கட்டியவர்களுக்கு பாம் ஷெல்டர் இல்லை. குடிமக்களை நினைத்து வரைந்த திட்டம், குடிமக்களல்லாத லட்சக்கணக்கானோரை விட்டுவைத்த இடத்தில்தான் கிருமி நுழைந்தது. படை அங்கே அனுப்பப்பட்டதே மற்ற ஏற்பாடுகள் போதாமல் போனதற்குச் சான்று. அதைப் படையின் சாதனையாக மட்டும் எழுதிவிட்டால் பாடத்தின் பாதி விட்டுப்போகும்.

இனி வரக்கூடிய ஆபத்துகளும் இப்படி ஓரம் பார்த்தே நுழையும். 2018இல் சிங்ஹெல்த் குழுமத்தின் கணினிக்குள் புகுந்தவர்கள் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களை எடுத்துப்போனார்கள். அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கும் அவர்களில் ஒருவர். எந்த எல்லைக் காவலும் அதைக் கண்டிருக்க முடியாது. 2022 அக்டோபரில் தரை, கடல், ஆகாயப் படைகளுக்கு அடுத்தபடியாக மின்னிலக்கத்துக்கும் உளவுக்குமென நான்காவது படை தொடங்கப்பட்டது. ஆள்தான் குறைகிறது. 2023இல் மொத்தக் கருவள விகிதம் 0.97, 2030க்குள் படைக்கு வரும் இளைஞர் தொகை மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று தற்காப்பு அமைச்சே கணித்தது. ஆளில்லா ஊர்திகளும் தானியங்கிக் கருவிகளும் கொஞ்சம் ஈடுகட்டும். விடுதி வாசலில் நின்று சாப்பிட்டீர்களா என்று கேட்கும் வேலையை அவற்றிடம் விட முடியாது.

ஆகவே அடுத்த நெருக்கடிக்கும் படைதான் வரும் என்று எண்ணிச் சிவில் அமைப்புகள் சும்மா இருக்க இயலாது. நல்ல மாற்றங்கள் தொடங்கியிருக்கின்றன. விடுதிப் பொறுப்பைப் படையிடமிருந்து மனிதவள அமைச்சின் தனிப்பிரிவு ஏற்றுக்கொண்டது. 2027 முதல் 2030 வரை பழைய விடுதிகள் படிப்படியாக மாற வேண்டும். ஓர் அறைக்கு அதிகபட்சம் 12 பேர். இதற்கான செலவு தற்காப்புக் கணக்கில் வராது. என்றாலும் படை செய்யும் வேலையில் ஒரு பங்கை அது செய்கிறது.

இன்னொன்றும் செய்யலாம். 2024 முதல் பிப்ரவரிதோறும் ‘எஸ்ஜி ரெடி’ பயிற்சி நடக்கிறது. மின்தடை வந்தால், இணையம் அறுந்தால், மோசடிச் செய்தி வந்தால் என்ன செய்வது என்று பள்ளிகளும் நிறுவனங்களும் ஒத்திகை பார்க்கின்றன. பொய்ச் செய்தியும் மோசடி அழைப்பும் துவாஸ் ஊழியர் விடுதிக்குத் தமிழிலும் வங்காளத்திலும் வந்து சேர்கின்றன. ஒத்திகையையும் அந்த இரு மொழிகளில், ஞாயிற்றுக்கிழமையில், விடுதி முற்றத்திலேயே நடத்தலாம்.