நான்காம் பாரத்துப் பிள்ளையும் தொழில் தேர்வும்

ஸ்ரீவராகத் திருக்குளத்தைச் சூழ்ந்த தெருக்களிலும், கிழக்குக் கோட்டை, சாலைக் கடைவீதி முதலிய இடங்களிலும் நம் தமிழ்க் குடும்பங்கள் வந்து நிலைபெற்ற வரலாற்றை எழுதப் புகுவோர், கோயிலையும் அரண்மனையையும் வாணிகத்தையும் பற்றி எழுதுவதே வழக்கம். அவ்வரலாற்றினுள் இன்னொரு வரலாறும் அடங்கிக் கிடக்கிறது. ஒரு வீட்டில் பிறந்த பிள்ளை இன்ன தொழிலைச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தவர் யார் என்பதே அது. பிறப்பு முடிவு செய்தது ஒரு காலம். பரீட்சைச் சான்றிதழ் முடிவு செய்தது ஒரு காலம். பிள்ளையையே கேட்டு வழிகாட்ட வேண்டும் என்னும் எண்ணம் பள்ளிக்கூடத்தினுள் நுழைந்தது மிகவும் பிற்பாடு. நுழைந்தும் அது நன்கு வேரூன்றவில்லை. ஒன்பதாம் வகுப்பில், அதாவது முன்னாளில் நான்காம் பாரம் என்று வழங்கிய வகுப்பில், பிள்ளைகளை வைத்திருக்கும் நம் குடும்பத்தார் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதுகிறேன்.

திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் சாலைக் கடைவீதி எழுந்தபோது, தமிழ் வணிகர் பலர் அங்கு வந்து கடை வைத்தனர். பின்னர்ப் பாலராம வர்மா மகாராஜாவின் காலத்தில் தமிழகத்திலிருந்து சாலியர் அழைத்துவரப்பட்டுப் பாலராமபுரத்தில் குடியமர்த்தப்பட்டனர். அவர்தம் நெசவு இன்றும் அவ்வூரின் பெயரைத் தாங்கி விற்பனையாகிறது. நெசவாளி மகன் தறியில் அமர்ந்தான். வணிகன் மகன் கல்லாவில் அமர்ந்தான். தொழில் நுணுக்கம் தந்தையிடமிருந்து மகனுக்குச் சிதையாமல் வந்து சேர்ந்தது என்னும் பெருமை அம்முறைக்கு உண்டு. ஆனால் அந்த மகனை ஒருவரும் கேட்கவில்லை. தறி வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாயும் இல்லை, போக்கிடமும் இல்லை.

1834-ஆம் ஆண்டில் சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தொடங்கிற்று. அதனை நடத்த நாகர்கோவிலிலிருந்து ஜான் ராபர்ட்ஸ் என்பார் வரவழைக்கப்பட்டார். அப்பள்ளியே வளர்ந்து பிற்காலத்தில் மகாராஜா கல்லூரியாயிற்று. ஆங்கிலம் கற்றவனுக்குச் சமஸ்தானத்து உத்தியோகம் எட்டிற்று. கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ் 1858-இல் இங்குத் திவானாகவே அமர்ந்தார். அது கண்டு நம்மவர் வீடுகளில் ஆசை பெருகியதில் வியப்பில்லை. மாமன் கச்சேரியில் இருந்தால் மருமகனுக்கும் அங்கு ஓர் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை, தொழில் தேர்வின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அந்நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. நிலைத்திருக்க நியாயமும் இல்லை. 1891-இல் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மலையாளி மெமோரியல் என்னும் விண்ணப்பம் மகாராஜாவிடம் அளிக்கப்பட்டது. உயர் உத்தியோகங்களை வெளியூரார், சிறப்பாகத் தமிழ்ப் பிராமணர், பற்றிக்கொண்டிருக்கின்றனர் என்பதே அதன் முறையீடு. நம்மவர்க்கு இது கசப்பாக இருந்திருக்கலாம். ஆயினும் மண்ணின் மைந்தர் கேட்டதில் பிழை காண இயலாது. 1936-இல் டாக்டர் ஜி. டி. நோக்ஸ் திருவாங்கூரின் முதல் பொதுப்பணி ஆணையராக அமர்த்தப்பட்டபின், உறவின் சிபாரிசுக்கு இருந்த வாயில் குறுகிற்று. பிள்ளை தன் தகுதியால்தான் பிழைக்க வேண்டும் என்ற நிலை அன்று முதல் நமக்கு வந்தது. எந்தத் தகுதி, எந்த வேலைக்கு என்று சொல்லுவோர்தாம் இல்லை.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். மேரி புன்னன் லூக்கோஸ் அம்மையார் மருத்துவராக விரும்பியவர். பெண் என்ற காரணத்தால் இங்குள்ள மகாராஜா கல்லூரியில் விஞ்ஞானப் பிரிவு மறுக்கப்பட்டுச் சரித்திரம் படித்தார். அதன்பின் இலண்டன் சென்று மருத்துவம் கற்றுத் திரும்பி, 1938-இல் திருவாங்கூரின் சர்ஜன் ஜெனரல் பதவியை அடைந்தார். அவர் தந்தையாரே மருத்துவர். கப்பலேற்றி அனுப்பும் வசதியும் இருந்தது. அவ்வசதி இல்லாத எத்தனை பெண்கள் சரித்திரத்தோடு நின்றார்களோ!

நிற்க. பள்ளியிலேயே வழி பிரிய வேண்டும் என்ற யோசனை இந்நாட்டில் 1882-ஆம் ஆண்டு ஹண்டர் ஆணைக்குழுவிலேயே தோன்றிவிட்டது. உயர்நிலைப் பள்ளியின் மேல் வகுப்புகளில் ஒரு பிரிவு சர்வகலாசாலைக்கும், மற்றொரு பிரிவு வாணிகம் முதலிய நடைமுறைத் தொழில்களுக்கும் செல்லட்டும் என்று அது கூறிற்று. ஏட்டில் நன்றாகவே இருந்தது. ஆனால் இரண்டாம் பிரிவை நாடியவர் மிகச் சிலர். சர்க்கார் வேலை முதற்பிரிவின் வழியே கிடைக்கும்போது, எந்தத் தந்தை மகனை மற்றதில் சேர்ப்பார்? பாதையைப் பிரித்தவர்கள், பாதை பிரியும் இடத்தில் நின்று விளக்கிச் சொல்ல ஓர் ஆளை நிறுத்தவில்லை.

அப்படி ஓர் ஆளை நிறுத்தியவர் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்து பிராங்க் பார்சன்ஸ் என்பவர். 1908-இல் அந்நகரில் தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றைத் திறந்தார். அதே ஆண்டில் காலமானார். அவர் எழுதிவைத்த நூல் மறு ஆண்டு வெளிவந்தது. குடியேறி வந்த ஏழைக் குடும்பங்களின் இளைஞர்களே அவரிடம் மிகுதியாக வந்தவர்கள் என்பது நம்மனோர் கவனிக்கத்தக்கது. அவர் முறை எளிது. முதலில் பிள்ளை தன் திறமையையும் விருப்பத்தையும் குறைகளையும் அறிய வேண்டும். அடுத்து, தொழில்களின் தேவை, ஊதியம், வாய்ப்பு, இடர் ஆகியவற்றை அறிய வேண்டும். பின்னர் இவ்விரண்டையும் ஒப்புநோக்கிச் சீர்தூக்க வேண்டும். முடிவு செய்பவன் பிள்ளையே. ஆலோசகர் உடனிருந்து உதவுபவர்.

நம் நாட்டில் 1938-இல் கல்கத்தா சர்வகலாசாலையின் உளவியல் பகுதியிலும், 1941-இல் பம்பாயில் பாட்லிபாய் அவர்களின் நிலையத்திலும், 1947-இல் அலகாபாத்திலும் இவ்வேலை தொடங்கிற்று. இவையெல்லாம் வடக்கேயும் மேற்கேயும் நடந்தவை. சென்னையில் நிகழ்ந்ததே நமக்கு நெருங்கியது. அதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

1953-ஆம் ஆண்டில் சென்னை இராஜ்யத்து முதலமைச்சராக இருந்த இராஜாஜி, தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கிராமப் பள்ளிகளில் கொண்டுவந்தார். பள்ளிப் படிப்பு நாளில் மூன்று மணி நேரம். மிகுதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகுதல். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில், இருப்பதைக் கொண்டு மேலும் பலருக்குக் கற்பிக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, கடும் எதிர்ப்புக்கு உள்ளாகி, 1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. அதே 1953-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அதே சென்னையின் சர்வகலாசாலைத் துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார், தம் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணைக்குழுவின் அறிக்கையை மத்திய அரசிடம் அளித்தார். பிள்ளைகளின் ஆற்றல் பலவகைப்பட்டது. ஆகவே கலை, விஞ்ஞானம், தொழில் நுட்பம், வாணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகள் வேண்டும். எதை எடுப்பது என்று வழிகாட்டப் பள்ளிகளில் பயிற்சி பெற்ற தொழில் வழிகாட்டு ஆசிரியர் வேண்டும் என்பது அவ்வறிக்கை.

ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள். தந்தையைப் பார்த்துப் பிள்ளையின் தொழிலை அறி என்றது ஒன்று. பிள்ளையைப் பார்த்து அறி என்றது மற்றது. முன்னது மறைந்தது. பின்னது வென்றதா என்றால், அதுதான் இல்லை.

முயற்சிகள் நடவாமல் இல்லை. 1954-இல் டெல்லியில் மத்திய வழிகாட்டு நிலையம் ஏற்பட்டது. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1945-இல் தொடங்கி, பின்னர் எல்லோர்க்கும் திறந்துவிடப்பட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களிலும் தொழில் வழிகாட்டும் பிரிவுகள் சேர்ந்தன. பல்நோக்குப் பள்ளிகளும் திறக்கப்பட்டன. ஆனால் வழிகாட்டு ஆசிரியர் என்பவர் பெரும்பாலும் கணக்கோ பூகோளமோ நடத்தும் அதே ஆசிரியர். கால அட்டவணையில் அதற்கென்று ஒரு பீரியடு இல்லை. பரீட்சையில் அதற்கு மார்க்கு இல்லை. மார்க்கு இல்லாத பாடம் நம் பள்ளிகளில் எந்தக் கதியை அடையும் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. 1966-இல் அறிக்கை தந்த கோத்தாரி குழு, பத்தாம் வகுப்பு வரை பிரிவு பிரிக்கவே வேண்டாம் என்றது. அதே சமயம் வழிகாட்டுதல் தொடக்கப் பள்ளியிலேயே தொடங்க வேண்டும் என்றும் கூறிற்று. நாடு முன்னதை ஏற்றுப் பின்னதை மறந்தது. இதன் பயனாக, முன்பு நான்காம் பாரத்தை ஒட்டி எழுந்த கேள்வி, பிளஸ் ஒன் வாயிலுக்குத் தள்ளிப் போயிற்று.

பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இப்பேச்சு எதற்கு, காலம் எப்படியும் மாறும் என்று சிலர் கேட்பர். மாறுவது மெய்தான். 1955-இல் இந்நகரில் நான்காம் பாரம் படித்த ஒருவனுக்கு, எட்டே ஆண்டுகளில் தும்பாக் கடற்கரையிலிருந்து ராக்கெட் பறக்கும் என்றும், அங்குப் பொருத்துநர், வெல்டர் முதல் விஞ்ஞானி வரை ஆள் வேண்டியிருக்கும் என்றும் யாரால் சொல்லியிருக்க இயலும்? 1990-இல் டெக்னோபார்க் தோன்றும்வரை, கணிப்பொறியால் இத்தனை குடும்பங்கள் இந்நகரில் பிழைக்கும் என்று நம்மில் யார் நினைத்தோம்? ஆகவே இன்ன வேலைக்குப் போ என்று சுட்டுவது வழிகாட்டுதல் ஆகாது. தன்னை ஆராயவும், தொழிலை விசாரிக்கவும் பிள்ளைக்குப் பழக்குவதே அது. விசாரிக்கும் பழக்கம் உள்ளவன், புதிய தொழில் வரும்போதும் விசாரிப்பான். மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாட்டில் ஏறத்தாழ 3,600 தொழில்கள் விவரிக்கப்பட்டுள்ளன. நம் தெருப் பிள்ளைகளிடம் கேட்டால் ஐந்தாறு பெயர்களே வெளிவரும்.

அறியாமையின் விலையை இரயில்வேயில் இருப்பவர்கள் கண்ணாரக் காண்கிறோம். 2018-இல் இரயில்வே வாரியம் அறிவித்த ஏறத்தாழ 90,000 இடங்களுக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அவ்விடங்களுள் பெரும்பகுதி பத்தாம் வகுப்புத் தேறியவர்க்கு உரிய கடைநிலைப் பணிகள். பட்டம் பெற்றவர்களும் பொறியியல் முடித்தவர்களும் அவற்றுக்குப் போட்டியிட்டனர். பத்தாம் வகுப்போடு நின்று இத்துறையில் குமாஸ்தாவாக இருப்பவன் நான். பாதை பராமரிப்பவரின் உழைப்பைக் குறைவாக மதிப்பவன் அல்லேன். ஆனால் நான்கு ஆண்டு பொறியியலுக்குக் குடும்பம் கடன்பட்ட பின்னர் அவ்விடத்துக்கு வரிசையில் நிற்பது, ஒன்பதாம் வகுப்பில் எழுப்ப வேண்டிய கேள்வியை இருபத்தைந்தாம் வயதில் எழுப்புவதேயாகும்.

2022 மார்ச்சு முதல் நாளில் தமிழ்நாட்டு அரசு 'நான் முதல்வன்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. அரசுப் பள்ளிகளில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பயிலும் மாணவர்க்கு, என்ன படிக்கலாம், எங்குப் படிக்கலாம் என்று எடுத்துரைப்பது அதன் ஒரு பகுதி. கேள்வி மீண்டும் ஒன்பதாம் வகுப்புக்குத் திரும்பியது கண்டு மகிழ்கிறேன். ஆனால் அது தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு உரியது. ஸ்ரீவராகத்திலிருந்து பள்ளி செல்லும் நம் பிள்ளைகளுக்கு எட்டாது. கேரளத்திலோ மேல்நிலைப் பள்ளிகளில் தொழில் வழிகாட்டும் பொறுப்பேற்ற ஆசிரியர்கள் உள்ளனர், நல்ல ஏற்பாடே. எனினும் பிளஸ் ஒன்னில் விஞ்ஞானமா, வாணிகமா, கலையா என்று பிள்ளை சேர்ந்தபின்தான் அவ்வாசிரியரை அவன் சந்திக்கிறான். அதற்கு முந்திய இரண்டாண்டுகளில் அவனுக்குக் கிடைப்பது அக்கம்பக்கத்தார் அபிப்பிராயம் மட்டுமே. நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும். மேற்படிப்பு இங்கா, எல்லை கடந்து நெல்லையிலோ மதுரையிலோ என்ற ஐயம். இரு மாநிலத்து விதிகளையும் சேர்த்து அறிந்து சொல்லுவோர் அரியர்.

ஆகவே நம் சங்கம் செய்யக்கூடிய சிறு பணி ஒன்று உண்டு. சாக்கையில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையமும், வட்டியூர்க்காவில் பாலிடெக்னிக்கும், பாளையத்தில் கேரள சர்வகலாசாலையின் வேலைவாய்ப்புத் தகவல் நிலையமும் உள்ளன. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிறு குழுவாக, முன் அனுமதி பெற்று, அங்கெல்லாம் அழைத்துச் செல்லலாம். நம் உறுப்பினருள் செவிலியர், நகைத் தொழிலாளர், மின்பணியாளர், வங்கிப் பணியாளர், ஓட்டல் நடத்துவோர், கணிப்பொறியாளர் எனப் பலர் இருக்கின்றனர். மாதம் ஒரு ஞாயிறன்று ஒருவர் வந்து, தம் தொழிலில் எத்தனை மணி நேரம் உழைப்பு, என்ன ஊதியம், எந்தப் பரீட்சை, எது துன்பம், எது இன்பம் என்று ஒளிக்காமல் அரை மணி நேரம் பேசட்டும். மற்றோர் அரை மணி நேரம் பிள்ளைகள் கேட்கட்டும். பெற்றோர் பின்வரிசையில் அமர்ந்து, பேசாதிருத்தல் வேண்டும். பார்சல் ஆபீசில் இரவு முறை எப்படி இருக்கும் என்று சொல்ல முதல் ஞாயிறே வருவதற்கு நான் ஆயத்தம். அடுத்த ஞாயிற்றுக்கு ஒரு செவிலியர் சகோதரி பெயர் கொடுத்தால் செயலாளர் குறித்துக்கொள்வார்.