சாதனப் பதிவும் வெற்றுக் கட்டங்களும்

கணினியோடு இணையும் வட்டு, அச்சுப்பொறி முதலிய சாதனங்கள் பல்வகைப்பட்டன. அவற்றின் நுணுக்கமெல்லாம் பணிசெயல் முறைமையின் கரு அறிந்திருத்தல் இயலாது. ஆதலின் ஒவ்வொன்றிற்கும் செலுத்தி எனும் நிரல் அமைகின்றது. திறத்தல், மூடுதல், வாசித்தல், எழுதுதல் ஆகியவற்றைச் செய்யும் செயற்கூறுகளின் முகவரிகளைச் செலுத்தி ஓர் அட்டவணையிற் குறித்துக் கருவிடம் பதிவு செய்யும். வேண்டியபோது கரு அம்முகவரிக்குச் சென்று தொழிலை நிகழ்த்தும். அட்டவணையில் ஒரு கட்டம் வெறுமையாயின் நிகழ்வது யாது? அதன் வரலாறே ஈண்டு ஆராயப்படுவது.

பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி என்போர் 1969இல் தொடங்கிய யுனிக்ஸ் முறைமையில் இவ்வினா பெரிதும் எழவில்லை. 1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பிற் செலுத்திகளின் முகவரிகள் யாவும் ஒரே கோப்பில் அமைந்தன. செய்வதற்கு ஒன்றுமில்லாத கட்டத்தில் ‘நல்டெவ்’ என்பதும், செய்யலாகாத தொழிலுக்குரிய கட்டத்தில் ‘நோடெவ்’ என்பதும் இடப்பெற்றன. முன்னது வாளா மீளும். பின்னது பிழை உரைக்கும். எளிய உபாயமேயாயினும் ஏற்றது. ஆயின் புதிய சாதனமொன்று சேர்ப்பதற்குக் கருவையே மீண்டும் தொகுத்தல் வேண்டும்.

இவ்விடரை நீக்கவே, இயங்கும் கருவோடு செலுத்தி தானே வந்து இணையும் முறை பிற்காலத்தில் லினக்ஸ் முதலியவற்றில் இடம்பெற்றது. அட்டவணை எழுதும் பொறுப்பு கருவைக் காப்போர் கையினின்று செலுத்தி எழுதுவோர் கைக்கு மாறியது. சீ மொழியில் அவர் குறிக்க மறந்த கட்டம் சுழியமாகும்.

இதன் விளைவை 2009 ஆகஸ்டில் ராவிஸ் ஓர்மண்டி, ஜூலியன் ரின்னஸ் இருவரும் வெளிப்படுத்தினர். வழு நேர்ந்தது சாதன அட்டவணையிலன்று. வலையமைப்பு நெறிமுறைகளின் அட்டவணையில். எனினும் அமைப்பு ஒன்றே. புளூடூத் முதலிய சில நெறிமுறைகளில் ‘சென்ட்பேஜ்’ எனும் கட்டம் வெறுமையாயிருந்தது. கரு அதனை நோக்காது சுழிய முகவரிக்குத் தாவியது. அம்முகவரியிலே தன் கட்டளைகளை முன்னரே இட்டுவைத்த சாதாரண பயனர் ஒருவர், கருவின் முழு அதிகாரத்தையும் பெறலாகும்! 2001 முதல் எட்டு ஆண்டுகள் இக்குறை மறைந்து கிடந்தது. வெறுமையை நிரப்புதற்கெனச் செயற்கூறொன்று லினக்ஸில் முன்னரே இருந்தமைதான் வியப்பு. அது இடப்பட்டதா எனப் பதிவின்போது வினவுவார் இலர். திருத்தமும் பதிவு வாயிலிற் செய்யப்படாது, அழைக்கும் இடத்திலேயே செய்யப்பட்டது.

வாயிலிலேயே தடுத்தல் மேலானதென்பது எம் கருத்து. செயலியின் வேகத்தை மாற்றும் செலுத்திகளை அதே லினக்ஸ் பதிவு செய்யும் முறை இதற்குச் சான்று. தொடக்கம், சரிபார்ப்பு எனும் இரு செயற்கூறுகளுள் ஒன்று இல்லாவிடினும் பதிவு மறுக்கப்படும். எழுதியவர் தம் பிழையை அன்றே அறிவர். ஆயினும் இச்சோதனை கட்டம் நிரம்பியதா என்பதையே காணும். நிரப்பிய செயற்கூறு செவ்வனே தொழிற்படுமா என்பதைக் காணாது.