கையெழுத்துப் போட முடியாதவர் சொத்து

போன தை மாதம் எங்கள் பின் தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மா கையில் பிளாஸ்டிக் பையோடு வீட்டுக்கு வந்தார். கணவருக்கு மூன்று லாரி. மூளையில் ரத்தக்குழாய் வெடித்து எட்டு மாதமாக நினைவில்லாமல் கிடக்கிறார். ஆஸ்பத்திரிக் கடனுக்கு ஒரு வண்டியையும் ஊரில் உள்ள ஒன்றரை ஏக்கரையும் விற்றாக வேண்டும். ஆர்.சி., பத்திரம், பேங்க் கணக்கு எல்லாம் அவர் பேரில்.

"வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்ங்கறாங்க சார். அவரு கையெழுத்துப் போட்டா நான் எதுக்குங்க அங்க போயி நிக்கறேன்?"

பவர் எழுதி வாங்கிவிடலாம் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். நினைவில்லாதவர் பவர் கொடுக்க முடியாது. விரலைப் பிடித்து மையில் ஒற்றினால் நாளைக்கு உங்கள் மேல்தான் கேஸ் வரும் என்றேன். வருவாய்த் துறையில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் என்னிடம் வந்திருக்கிறார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய சங்கதிகள் எல்லாம் மனதில் ஓடின.

அப்பாவுக்குப் புதுச்சேரி மில்லில் வேலை. அதனால் நான் படித்தது பிரெஞ்சு மீடியம். நெப்போலியன் காலத்து 'கோத் சிவில்' 1804 மார்ச்சில் வந்தது என்று உருப்போட்டிருக்கிறோம். அதன்படி புத்தி சுவாதீனம் இழந்தவர் விஷயத்தில் முதலில் குடும்ப சபை கூடி அபிப்பிராயம் சொல்லும். பிறகு கோர்ட் விசாரித்து, அவருக்கு ஒரு காப்பாளரை நியமிக்கும். அந்தக் காப்பாளரைக் கண்காணிக்க இன்னொருவரும் உண்டு. அதே 1804இல் சென்னை ராஜதானியில் கும்பினியார் போட்ட 5ஆவது ரெகுலேஷன்தான் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ். வேலைக்கு வந்து வெகு நாள் கழித்துத்தான் இந்த வருஷ ஒற்றுமை என் கண்ணில் பட்டது.

கோர்ட் என்பது பேரில்தான். ஜட்ஜும் கிடையாது, வக்கீலும் கிடையாது. ரெவின்யூ போர்டுதான் அது. ஜில்லாவில் அதன் கை கலெக்டர். ஜமீன்தார் மைனராக இருந்தாலோ சித்தம் கலங்கியவராக இருந்தாலோ எஸ்டேட்டை எடுத்து நடத்துவார்கள். பெண்ணாக இருந்து, நிர்வாகத் திறமை இல்லை என்று சர்க்கார் சொல்லிவிட்டாலும் அதே கதிதான். கருணை என்று சொல்லிக்கொண்டார்கள். பேஷ்குஷ் பாக்கி விழக்கூடாது என்ற கவலைதான் அதில் பாதிக்கு மேல் என்பது என் எண்ணம்.

நம் சேலம் பக்கம் 1792இல் ரீடு துரை வந்து குடியானவனிடமே நேராக வரி வாங்கினார். பத்து வருஷத்தில் அதை மாற்றி, ஜில்லாவை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். வரி கட்ட முடியாமல் எத்தனையோ மிட்டாக்கள் கவிழ்ந்தன. பெரிய ஜமீன் என்றால் தெற்கேதான். ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியின் தகப்பனார் 1873இல் இறந்தபோது பையனுக்கு ஐந்து வயது. 1889 வரை எஸ்டேட் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் கையில். பட்டத்துக்கு வந்த சில வருஷத்திலேயே அவர் கடனில் மூழ்கினார். விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்ப உதவிய அதே கை தாராளக் கை. ஜமீன் பிள்ளைகள் படிக்கச் சென்னையில் நியூயிங்டன் என்று ஓர் இடம். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன், பிற்பாடு ராஜதானியின் முதல் மந்திரியானவர், அங்கே படித்தவர். 1919இல் அங்கேதான் பிரின்சிபால் டி லா ஹே துரை சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கதை தனிப் பதிவுக்கு ஆகும்.

ஜமீன் இல்லாத சாதாரணக் குடியானவனுக்கு 1858இல் ஒரு சட்டம், பிறகு 1912இல் லூனசி ஆக்ட். ஜில்லா கோர்ட் விசாரித்து, சொத்துக்கு ஒரு மேனேஜரையும் ஆளைப் பார்த்துக்கொள்ள ஒரு கார்டியனையும் போடும். நிலமாக இருந்தால் கலெக்டரிடமே ஒப்படைக்கலாம். அதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று: தனிக் காரணம் எழுதிவைத்தாலொழிய, வாரிசுக்காரரைக் கார்டியனாகப் போடக்கூடாது. இவர் கண்ணை மூடினால் யாருக்கு லாபமோ அவர் கையில் இவரைக் கொடுக்காதே என்று அர்த்தம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரிக்கார்டு ரூமில் கட்டு பிரிக்கும்போது அப்படி ஒரு மேனேஜரின் வருஷாந்தரக் கணக்கு கையில் கிடைத்தது. ராசிபுரம் பக்கத்துக்காரர் ஒருவர், நான்கு ஏக்கர், ஒரு கிணறு. நிலக்கடலை விற்ற வரவு, கவலை மாட்டுக்குத் தீவனம், வேட்டி இரண்டு, க்ஷவரம், 'குணசீலம் கூட்டிப்போய் வந்த வகையில்' என்று கொஞ்சம் ரூபாய். கடைசி வரியில், 'மேற்படியார் பிரியப்பட்டுக் கேட்ட மிட்டாய், அணா நாலு'. அந்த நாலணாவுக்கும் சிவப்பு மையில் தணிக்கை டிக் போட்டிருந்தது. சிரித்துவிட்டு, பிறகு வெகு நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜமீன்கள் 1948 சட்டத்தோடு போயின. ரெவின்யூ போர்டும் 1980இல் கலைந்தது. லூனசி ஆக்டுக்குப் பதில் 1987இல் வந்த மனநலச் சட்டம் மேனேஜர் ஏற்பாட்டை அப்படியே வைத்திருந்தது: ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல், வருஷா வருஷம் கணக்கு, கோர்ட் உத்தரவில்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. 2018 மே முதல் அமலுக்கு வந்த புதிய மனநலச் சட்டத்தில் நோயாளியின் உரிமைகள் நிறைய உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் சொத்தை யார் பார்ப்பது என்ற அத்தியாயத்தையே காணோம். கலெக்டர் கமிட்டி மூலம் கார்டியன் போடும் 1999 சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைவு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கு மட்டும். நினைவிழந்து கிடக்கும் லாரிக்காரர் எதிலும் அடங்கமாட்டார். இருநூறு வருஷம் இருந்த கதவை மூடியவர்கள் பக்கத்தில் ஒரு ஜன்னலாவது வைத்திருக்கலாம்.

மிச்சமிருக்கிற வழி, ஹைகோர்ட்டில் ரிட். 2024இல் சென்னை ஹைகோர்ட்டில் இதே மாதிரி ஒரு மனைவியின் வழக்கு வந்தது. சிவில் கோர்ட்டுக்குப் போ என்று தனி நீதிபதி சொன்னதை இரண்டு நீதிபதிகள் பெஞ்ச் ரத்து செய்து, அவரையே கார்டியனாக நியமித்தது. சொத்தை விற்கவும் அனுமதி கொடுத்தது. ஐம்பது லட்சத்தைக் கணவர் பேரில் டெபாசிட் போட வேண்டும், வட்டியை மூன்று மாதத்துக்கொரு தரம் எடுத்துக்கொள்ளலாம், அவர் உயிரோடு இருக்கும்வரை டெபாசிட்டைத் தொடக்கூடாது என்பது நிபந்தனை. பழைய மேனேஜர் முறைதான், வேறு வாசல் வழியாக.

அந்த அம்மாவிடம் இதைச் சொல்லி, சென்னையில் ஒரு வக்கீல் விலாசம் கொடுத்தேன். மனு போட்டாகிவிட்டது. இதுவரை ஆன வரவு செலவு தெரியுமா என்று கேட்டேன். பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். அவர் விழுந்த நாளிலிருந்து எழுதியிருக்கிறார். டீசல், டிரைவர் பேட்டா, டயர், டியூ.

"அவருக்கு வாங்கற டயப்பர், குழாயில ஊத்தற பாலு, அதெல்லாம் எழுதலீங்க. அதையும் எழுதோணுமுங்களா?"

"எழுதுங்க அம்மணி" என்றேன். "அதை முதல்ல எழுதுங்க."