பிடதியில் இரண்டு வாசல்கள்

போன மாதம் பெங்களூரிலிருந்து அக்கா வீட்டு மாமா போன் செய்தார். பழைய காரைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கப் போகிறாராம். "கார் ஊரு டெட்ராய்ட் பக்கத்துலயே போய் உக்காந்திருக்க. எந்தக் கம்பெனியை நம்பலாம்னு நீதான் சொல்லணும்" என்றார். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன், காருக்கும் எனக்கும் உள்ள உறவு மாதத் தவணையோடு சரி என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை அவர்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது தொப்பூர் கணவாயில், ராத்திரி இரண்டு மணிக்கு, கார் நின்றுவிட்டது. உள்ளே எழுபத்தெட்டு வயது அம்மா. பின்னால் லாரி மேல் லாரியாக இறங்கிக்கொண்டிருக்கிறது. தொப்பூர் இறக்கம் எப்படிப்பட்டது என்று சேலம், தருமபுரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து தள்ளி ஓரங்கட்டிக் கொடுத்திருக்கிறார். அது எந்தக் கம்பெனி கார் என்பது இங்கே வேண்டாம். "அம்மாவை வெச்சுக்கிட்டு இன்னொரு தடவை அப்படி நிக்க முடியாதுடா" என்றார் மாமா.

நான் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட பத்து வயது மகள் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "டெஸ்ட் டிராக் கம்பெனி கார் வாங்கச் சொல்லுப்பா." விடுமுறையில் ஃபுளோரிடாவின் எப்காட் பூங்காவில் அந்த ரைடில் ஏறி இறங்கியதிலிருந்து அவளுக்கு ஜெனரல் மோட்டார்ஸை மிஞ்சிய கம்பெனி கிடையாது.

"அவங்க இப்ப இந்தியாவுல கார் விக்கறதில்லம்மா" என்றேன்.

"ஏன்?"

மாமாவின் கேள்வியும் மகளின் கேள்வியும் ஒன்றுதானோ என்று அப்புறம்தான் தோன்றியது. அதனால் கொஞ்சம் பழைய கதை.

கார் கம்பெனிகள் கேளிக்கைக் கூடாரத்துக்குள் நுழைந்தது இன்று நேற்றல்ல. 1939-ல் நியூயார்க்கில் உலகக் கண்காட்சி நடந்தது. அதில் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஃபியூச்சராமா' என்று ஒன்றை வைத்தது. நகரும் நாற்காலியில் உட்கார்ந்தால், கீழே 1960-ம் வருடத்து அமெரிக்கா பொம்மை ஊராக விரியும். அகல அகலமான நெடுஞ்சாலைகள், அவற்றில் ஊர்ந்து போகும் குட்டிக் கார்கள். வடிவமைத்தவர் நார்மன் பெல் கெட்டிஸ். வெளியே வரும்போது 'நான் எதிர்காலத்தைப் பார்த்துவிட்டேன்' என்று எழுதிய வில்லையைச் சட்டையில் குத்திக்கொள்ளக் கொடுத்தார்கள். கூட்டம் அள்ளியது. காரைப் பற்றி அதிகம் பேசாமலேயே கார் வியாபாரம் செய்த கெட்டிக்காரத்தனம் அது. ரோடு வந்துவிட்டால் கார் தானாக விற்றுவிடுமே!

1955-ல் டிஸ்னிலாந்து திறந்தபோது பிள்ளைகள் ஓட்டுவதற்கென்று 'ஆட்டோபியா' வந்தது. அப்போது அதற்கு ஸ்பான்சர் ரிச்ஃபீல்டு என்ற பெட்ரோல் கம்பெனி. பிள்ளைகள் இடித்த இடியில் ஆரம்ப நாட்களிலேயே கார்கள் வரிசையாகப் படுத்துவிட்டன. பல கைகள் மாறி 2016-ல் ஹோண்டா அந்த ரைடை எடுத்துக்கொண்டது. 1964-ல் மறுபடி நியூயார்க்கில் கண்காட்சி. இந்த முறை ஃபோர்டு, வால்ட் டிஸ்னியைப் பிடித்தது. நிஜமான ஃபோர்டு கார்களிலேயே மக்களை உட்கார வைத்து, டைனோசர் காலத்திலிருந்து ஊர்வலம் விட்டார்கள். எஞ்சின் கிடையாது, தண்டவாளம்தான் தள்ளும். அந்த வருடம் ஏப்ரலில் மஸ்டாங் கார் அறிமுகமானதும் அதே கண்காட்சியில்தான். ஷோரூமில் யாரும் உட்காரவிடாத காரில் பிள்ளை குட்டியோடு சவாரி போன குடும்பம், அந்தப் பெயரை எளிதில் மறக்குமா?

1982-ல் எப்காட் திறந்தபோது ஜெனரல் மோட்டார்ஸ் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது. போக்குவரத்தின் வரலாற்றைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் ரைடு. 1996 ஜனவரியில் அதை மூடிவிட்டு, அந்தக் கட்டடத்திலேயே டெஸ்ட் டிராக்கைக் கட்டினார்கள். கம்பெனி தன் காரை எப்படியெல்லாம் சோதிக்கிறது என்று காட்டுவதுதான் யோசனை. மேடு பள்ளத்தில் குலுக்கு, திடீர் பிரேக், உறைய வைக்கும் அறை, வேக வைக்கும் அறை, துருப்பிடிக்க வைக்கும் அறை, கடைசியில் சுவரில் மோதப்போவது போல் ஒரு பயம், பிறகு வெளியே மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். 'நாங்கள் இவ்வளவு பாடாய்ப் படுத்திப் பார்த்துத்தான் உங்கள் கையில் கொடுக்கிறோம்' என்று அர்த்தம்.

இதில் ஒரு வேடிக்கை. 1997 மே மாதம் திறக்கவேண்டிய ரைடு முறைப்படி திறந்தது 1999 மார்ச்சில். சக்கரத்தில் சிக்கல், கட்டுப்பாட்டு மென்பொருளில் சிக்கல். நாள் முழுக்க நிற்காமல் சுற்றவேண்டிய வண்டிகள் அந்த உழைப்பைத் தாங்கவில்லை. உறுதியைக் காட்டுவதற்காகக் கட்டிய ரைடே சோதனையில் தேற ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாகப் பிடித்தது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சரியாக ஓடும்வரை திறக்கவில்லை. அது நல்ல குணம்தான்.

அந்த நல்ல குணம் காரிலும் இருந்ததா என்றால், அங்கேதான் உதைக்கிறது. 2009 ஜூன் 1-ம் தேதி ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு கொடுத்தது. அரசுப் பணத்தில் பிழைத்து வந்தது. அப்போதும் ரைடு நிற்கவில்லை. 2014-ல் இன்னொன்று வெளியே வந்தது. சாவி போடும் இக்னிஷன் சுவிட்ச் லேசாக இடறினாலே அணைந்துவிடும். எஞ்சின் நிற்கும், ஏர்பேக் விரியாது. இந்தக் குறை உள்ளே சிலருக்குப் பல வருடங்களாகத் தெரிந்திருந்தும் 2014-ல்தான் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். கம்பெனி அமைத்த இழப்பீட்டு நிதியே ஒப்புக்கொண்ட சாவு 124. அந்த வருடங்களில்தான் எப்காட்டில் பிள்ளைகள் வரிசையில் நின்று 'சோதனை ஓட்டம்' போய்க்கொண்டிருந்தார்கள்.

சரி, பெங்களூருக்கு வருவோம். நம் ஊரில் கார் கம்பெனி எதுவும் இந்த அளவுக்கு ரைடு கட்டிக் காட்டியதாக எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் மைசூர் ரோட்டில் ஒரு விசித்திரமான அக்கம்பக்கம் உண்டு. கெங்கேரி தாண்டிப் போனால் ஹெஜ்ஜாலாவில் வொண்டர்லா. இன்னும் கொஞ்சம் போனால் பிடதியில் டொயோட்டா கிர்லோஸ்கர் தொழிற்சாலை. நடுவில் தட்டு இட்லிக் கடைகள். புது எக்ஸ்பிரஸ்வேயில் போகிறவர்களுக்கு அந்த இட்லி கொடுத்து வைக்கவில்லை.

வொண்டர்லாவைக் கட்டியவர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி. 1977-ல் அப்பாவிடம் ஒரு லட்ச ரூபாய் வாங்கி, இரண்டு தொழிலாளர்களோடு கொச்சியில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்ய ஆரம்பித்தவர். அதுதான் வி-கார்டு. நம்மில் பல வீடுகளில் டிவிக்குப் பக்கத்தில் 'டக்'கென்று சத்தம் போடும் பெட்டி ஒன்று இருந்ததே, அந்தத் தொழில்தான். 2000-ல் கொச்சியில் அவர் திறந்த பூங்காவுக்குப் பெயரே வீகாலாண்ட். 2005-ல் பெங்களூர் வொண்டர்லா. ராட்டினங்கள் பலவற்றை அவர்களே தயாரிக்கிறார்கள். டெட்ராய்ட் கம்பெனி தன் காரின் பெயரைப் பூங்காவில் ஏற்றியது. இங்கே ஸ்டெபிலைசரில் சம்பாதித்த பெயர் பூங்காவாகவே ஆகிவிட்டது. தலைகீழாகச் சுற்றும் ராட்டினத்தில் பிள்ளையை ஏற்றிவிட்டுக் கீழே நிற்கும் அம்மாவுக்குத் தேவையானது ஒன்றுதான்: கரண்ட் எப்படி வந்தாலும் போனாலும் அது பத்திரமாகக் கீழே வரவேண்டும்.

பக்கத்து வாசலில் டொயோட்டா. 2000-ல் அங்கிருந்து வந்த முதல் வண்டி குவாலிஸ். இந்தோனேசியாவில் ஓடிக்கொண்டிருந்த கிஜாங்கின் இந்திய வடிவம். அழகு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த வருடங்களில் பெங்களூரில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர்களைக் கேளுங்கள். 2003 முதல் 2008 வரை நானும் அங்கேதான் இருந்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு ஏழு பேரைத் திணித்துக்கொண்டு ஓசூர் ரோட்டில் பறக்கும் வண்டி அது. பகலில் ஒரு டிரைவர், இரவில் ஒரு டிரைவர், எஞ்சின் ஆற நேரமில்லை. எங்கள் டிரைவர் அண்ணன் மண்டியாக்காரர், கன்னடமும் தமிழும் கலந்து சொல்வார்: "சார், டீசல் ஹாக்கு, ஆயில் மாத்து, அஷ்டே. மிச்சதை அது பாத்துக்கும்." எந்த விளம்பரப் படத்திலும் இதைவிட நல்ல வசனத்தை நான் கேட்டதில்லை. 2005-ல் நன்றாக விற்றுக்கொண்டிருந்த குவாலிஸை நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். டிரைவர்கள் திட்டினார்கள், பிறகு அதற்கும் பழகிவிட்டார்கள்.

அதே டாக்ஸி வியாபாரத்துக்குப் போட்டியாக 2004-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த வண்டி ஷெவர்லே டவேரா. அதுவும் பெங்களூர் தெருவெல்லாம் ஓடியது. 2013 ஜூலையில் கம்பெனி 1,14,000 டவேராக்களைத் திரும்ப அழைத்தது. புகை அளவு விதிக்குள் இல்லை. உள் விசாரணையில் தெரிந்தது என்னவென்றால், அரசுச் சோதனைக்குப் போகும் வண்டியில் மட்டும் புகை குறைவாக விடும் எஞ்சினாகப் பொறுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள். பெண் பார்க்க வரும்போது பக்கத்து வீட்டு நகையை இரவல் வாங்கிப் போடுவது போல. கம்பெனியே அரசுக்குத் தெரிவித்தது, ஊழியர்களை நீக்கியது, அதையும் சொல்லவேண்டும். ஆனால் ஃபுளோரிடாவில் 'எங்கள் சோதனையைப் பாருங்கள்' என்று ரைடு, இங்கே சோதனையிலேயே கைவைப்பு, இரண்டும் ஒரே பெயரின் கீழ் நடந்தது.

மகளின் 'ஏன்'-க்கு இது முழுப் பதில் ஆகாது. விற்பனை தேய்ந்து, இந்தியச் சந்தையில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத நிலையில்தான் 2017-ல் அவர்கள் இங்கே விற்பதை நிறுத்தினார்கள். ஹலோல் ஆலை எம்ஜி கைக்குப் போனது. தலேகாவ் ஆலையை 2023-ல் ஹூண்டாய் வாங்கியது.

அப்படியானால் டொயோட்டா உத்தமர்களா? இதையும் எழுதாவிட்டால் நான் செய்வது விளம்பரம் ஆகிவிடும். தானாக வேகம் பிடித்த கார்கள் விவகாரத்தில் 2009, 2010-ல் லட்சக்கணக்கில் திரும்ப அழைத்தார்கள். வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தியதற்காக 2014-ல் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்டினார்கள். 2023 டிசம்பரில் அவர்களுடைய துணை நிறுவனம் டைஹாட்சுவில் 64 மாடல்களின் பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு வெளிப்பட்டது. மிகப் பழையது 1989-ம் வருடத்துக்குப் போகிறது. 2024 ஜனவரியில் குழும நிறுவனம் ஒன்று டீசல் எஞ்சின் திறன் சோதனையில் வேறு மென்பொருளை வைத்து அளந்தது தெரிந்து, பிடதியிலிருந்தே இன்னோவா கிரிஸ்டாவும் ஃபார்ச்சூனரும் வெளியே போவது சில நாட்கள் நின்றது. குவாலிஸ் அவ்வளவு உழைத்தது நிஜம். இதுவும் நிஜம்.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். "அப்ப யாரையும் நம்பாதேங்கறியா?" என்றார். இல்லை. பெயரை மட்டும் நம்பி வாங்காதீங்க என்றேன். நினைத்திருக்கும் மாடல் திரும்ப அழைக்கப்பட்டிருக்கிறதா, எதற்காக, குறையைக் கம்பெனி தானாகச் சொன்னதா, பிடிபட்ட பிறகு சொன்னதா என்று பாருங்கள். 2021-லிருந்து இந்தியாவில் குறைபாடுள்ள வண்டியைத் திரும்ப அழைக்கச் சொல்ல அரசுக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் மோதல் சோதனை நட்சத்திரங்கள் கிடைக்கின்றன. ஆனால் நட்சத்திரம் மோதினால் என்ன ஆகும் என்று சொல்லும். தொப்பூரில் நிற்குமா நிற்காதா என்று சொல்லாது. அதற்கு டாக்ஸி ஸ்டாண்டுக்குத்தான் போகவேண்டும்.

மகளுக்கு அவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. ரைடு நல்லா இருந்துச்சு, அடுத்த தடவையும் போவோம், ஆனா ரைடைப் பாத்து கார் வாங்கக் கூடாது என்றேன். "அப்ப எதுக்குப்பா காட்றாங்க?" என்றாள். 1939-ல் வில்லையைக் குத்திக்கொண்டவர்களின் பிள்ளைகளும் கேட்டிருப்பார்கள்.

நேற்று மாமா மறுபடி போன் செய்தார். பிடதியில் தட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டே இரண்டு டாக்ஸி டிரைவர்களை விசாரித்தாராம். "ரெண்டு பேரும் வேற வேற கார் சொல்றாங்கடா" என்று அலுத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு மட்டும் ரெண்டு பேரும் சொன்னாங்க. ஷோரூம்ல புதுசைப் பாக்காதீங்க சார், அதே மாடல்ல ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடினதைப் போய்ப் பாருங்கன்னு."

ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒன்றைப் பார்க்கப் போகிறார். அம்மாவும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாளாம்.