காற்றாலை வாங்கிய விமானம்

கோவில்பட்டியில் பஸ் ஏறி திருநெல்வேலி போயிருக்கிறீர்களா? நாலாட்டின்புதூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் காடு. கயத்தாறு நெருங்க நெருங்க ராட்சசக் காற்றாடிகள் தலைகாட்டும். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்று சரித்திரப் புத்தகம் சொல்லும் கயத்தாறுக்கு, செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று இன்னொரு அடையாளத்தைக் கொடுத்துவிட்டது. இந்தக் காற்றாலைத் தொழிலுக்கும் இரண்டு விமான கம்பெனிகளின் சாவுக்கும் சம்பந்தம் உண்டு என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகவேண்டும். கதை 1990களில் நடக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். 1953ல் நேரு அரசாங்கம் எட்டு தனியார் விமான கம்பெனிகளை ஒன்றாகச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்கியது. அப்புறம் சுமார் நாற்பது வருடம், உள்நாட்டில் பறக்கவேண்டும் என்றால் அரசாங்க விமானம்தான். காபி ஆறியிருந்தாலும் குடித்துவிட்டு வரவேண்டியதுதான். தாராளமயம் வந்தபோது முதலில் 'ஏர் டாக்ஸி' என்ற பெயரில் தனியாரை உள்ளே விட்டார்கள். 1994ல் பழைய சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். ஈஸ்ட் வெஸ்ட், ஜெட், மோடிலுஃப்ட், சஹாரா, டமானியா என்று வரிசையாக இறங்கினார்கள். கல்யாண மண்டபத்துப் பந்தி மாதிரி, இலை போடுவதற்குள் ஆள் உட்கார்ந்தாச்சு.

அந்தப் பந்தியில் நம்ம சென்னைக் கம்பெனி ஒன்றும் இருந்தது. பெயர் என்.இ.பி.சி. ஏர்லைன்ஸ். ரவி பிரகாஷ் கெம்கா குடும்பத்தின் கம்பெனி. விமானம் அவர்களுக்குப் பரம்பரைத் தொழில் இல்லை. காற்றாலைதான் தொழில். டென்மார்க்கின் மைக்கான் கம்பெனியோடு கைகோத்து, என்.இ.பி.சி.-மைக்கான் என்ற பெயரில் காற்றாலை செய்து விற்றார்கள். தமிழ்நாட்டுக் காற்றாலைத் தொழிலில் அன்றைக்கு அது பெரிய பெயர்.

காற்றாலைகளை யார் வாங்கினார்கள்? மின்சாரம் தேவைப்பட்டவர்கள்தானே என்பீர்கள். ஓரளவுக்குத்தான் சரி. துணி மில் முதலாளி, சிமெண்ட் கம்பெனி, நிதி நிறுவனம் என்று லாபம் வந்து, வரி கட்ட மனசு வராதவர்களெல்லாம் வாங்கினார்கள்.

பி.காம். வகுப்பில் 'தேய்மானம்' என்றால் தூக்கம் வரும் பாடம். ஆனால், ஒரு தொழிலையே தூக்கி நிறுத்தக்கூடிய பாடம் அது. சாதாரண மெஷின் வாங்கினால் அதன் விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக, பல வருடங்களில்தான் செலவு எழுத முடியும். காற்றாலைக்கோ அரசாங்கம் ஒரு சலுகை கொடுத்திருந்தது. முழு விலையையும் முதல் வருடமே 100 சதவீதம் செலவு எழுதிக்கொள்ளலாம். 1990களின் நடுவில் கம்பெனி வரி, சர்சார்ஜும் சேர்த்து 46 சதவீதம். ஒரு கோடி ரூபாய்க்குக் காற்றாலை வாங்கினால் 46 லட்சம் வரி மிச்சம். ஏறக்குறைய பாதி விலைக்குக் காற்றாலை! செப்டம்பர் முடிவதற்குள் சுற்ற ஆரம்பித்துவிட்டால் முழுச் சலுகை. மார்ச் 31க்குள் என்றால் பாதிச் சலுகை. காற்று எப்போது வீசும் என்பதைவிட, கணக்கு வருடம் எப்போது முடியும் என்பதைப் பார்த்துக் காற்றாலை நட்ட காலம் அது.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. கையில் காசு புரண்டது. காசு புரளும்போது மனுஷனுக்கு இரண்டு ஆசை வரும் என்பார்கள். சினிமா எடுப்பது ஒன்று, பத்திரிகை நடத்துவது இன்னொன்று. தொண்ணூறுகளில் மூன்றாவதாக விமானம் சேர்ந்துகொண்டது.

என்.இ.பி.சி.யிடம் இருந்தவை ஃபோக்கர் எஃப்-27 என்கிற, இறக்கையில் விசிறி சுற்றும் சின்ன விமானங்கள். நாற்பத்துச் சொச்சம் பேர் உட்காரலாம். ஜெட் இறங்க முடியாத சிறிய ஊர்களுக்குத் தோதானவை. பெரிய ஊர்களுக்கு நடுவே பறக்கிற மெயின் ரூட்களில் போட்டிபோட அவை போதாது. அதற்கு ஜெட் வேண்டும். வாங்கிப் பழகி, பைலட் பிடித்து, மும்பையில் நிறுத்த இடம் கேட்டு... வருடக்கணக்காகும்.

மும்பையில் டமானியா ஏர்வேஸ் தடுமாறிக்கொண்டிருந்தது. பர்வேஸ் டமானியா 1993ல் ஆரம்பித்தது. மும்பை - கோவா கடல்வழியில் விரைவுப் படகும் விட்ட குடும்பம். உபசாரத்துக்குப் பெயர்போன விமானம். சாப்பாடும் சிரிப்பும் பிரமாதம் என்று பயணிகள் சொல்வார்கள். அந்தச் சாப்பாட்டுக்கும் சிரிப்புக்கும் ஆகிற செலவை டிக்கெட்டில் வசூல் பண்ண முடியவில்லை. எதிரே நின்ற இந்தியன் ஏர்லைன்ஸுக்கு நஷ்டம் வந்தால் தாங்க அரசாங்கம் இருந்தது. டமானியாவுக்கு யார் இருக்கிறார்கள்?

1995ல் என்.இ.பி.சி., டமானியாவை வாங்கியது. பெயரை 'ஸ்கைலைன் என்.இ.பி.சி.' என்று மாற்றினார்கள்.

காகிதத்தில் பார்த்தால் அருமையான ஜோடி. சின்ன ஊர்களிலிருந்து ஃபோக்கரில் ஆளைக் கொண்டுவந்து, பெரிய ஊரில் போயிங்கில் ஏற்றிவிடலாம். மினி பஸ்ஸில் வந்து பைபாஸில் எக்ஸ்பிரஸ் பிடிப்பது மாதிரி.

ஆனால், அவர்கள் வாங்கியது எதை? இங்கேதான் கொஞ்சம் நிதானிக்கவேண்டும். கோவில்பட்டியில் ஒருவர் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸை விலைக்கு வாங்குகிறார் என்று வையுங்கள். கட்டடம் வருகிறது. மெஷின் வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக லேபிள் வருகிறது. அந்த லேபிளைக் கேட்டு வாங்கும் மொத்த வியாபாரி வருகிறார். குச்சியும் மருந்தும் எல்லா ஆபீஸிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சரக்கை நகர்த்துவது லேபிள். விவரம் தெரிந்த எவரும் ஓடுகிற லேபிளை மாற்றமாட்டார்கள்.

விமான கம்பெனியில் விஷயம் தலைகீழ். டமானியா பறக்கவிட்ட போயிங் 737கள் சொந்தமில்லை, வாடகை. பைலட்டுக்குக் காலில் சக்கரம். ஜெட், சஹாரா என்று எங்கே கூடுதலாகக் கொடுத்தாலும் போய்விடுவார். அவர் போனால், ஃபோக்கர் ஓட்டுகிறவரைத் தூக்கி போயிங்கில் உட்காரவைக்கவும் முடியாது. ஒவ்வொரு ரக விமானத்துக்கும் தனிப் பயிற்சி, தனி அனுமதி. மெக்கானிக்குக்கும் அப்படியே. உதிரி பாகங்களும் இரண்டு செட். ஆக, இரண்டு கம்பெனியைச் சேர்த்தும் செலவில் பெரிதாக ஒன்றும் சேரவில்லை. மிஞ்சியது என்ன? கடன் பாக்கி, ஓடுகிற ரூட், டமானியா என்கிற பெயர். இதில் பெயரை இவர்களே அழித்துவிட்டார்கள்! மும்பைப் பயணிக்கு டமானியா என்றால் ஒரு ருசி ஞாபகம் வரும். ஸ்கைலைன் என்.இ.பி.சி. என்றால் என்ன ஞாபகம் வரும்?

அடுத்த அடி ரூபாயில் விழுந்தது. விமான வாடகை டாலரில், டிக்கெட் வசூல் ரூபாயில். 1993லிருந்து 1995 ஆகஸ்ட் வரை ஒரு டாலர் 31 ரூபாய்ச் சொச்சத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. அடுத்த ஆறே மாதத்தில் 35ஐத் தாண்டிவிட்டது. மாதம் ஒரு லட்சம் டாலர் வாடகை என்று வைத்துக்கொண்டால், ஒரு விமானத்துக்கு மட்டும் மாதம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் கூடுதல். அதே விமானம், அதே சீட்டு, அதே கூட்டம்.

சரி, காற்றாலைப் பணம் இருக்கிறதே, சமாளிக்கலாம். அதையும் காலம் விட்டுவைக்கவில்லை.

1996 ஜூலையில் ப.சிதம்பரம் பட்ஜெட் வாசித்தார். 'மேட்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச மாற்று வரியைக் கொண்டுவந்தார். பங்குதாரர்களிடம் கொழுத்த லாபம் காட்டிவிட்டு, தேய்மானக் கணக்கைக் காட்டி வரியே கட்டாமல் நழுவும் கம்பெனிகளுக்கு வைத்த பொறி. கணக்குப் புத்தகத்தில் காட்டும் லாபத்தில் 30 சதவீதத்தையாவது வருமானமாக எடுத்துக்கொண்டு வரி போடுவோம் என்றார். நியாயமான வரிதான், என்னைக் கேட்டால். அடுத்த வருட பட்ஜெட்டில் கம்பெனி வரியையே 35 சதவீதமாகக் குறைத்தார். கம்பெனிகள் கைதட்டின. காற்றாலை விற்கிறவர்கள் கைதட்டியிருக்க மாட்டார்கள். வரி குறைந்தால், வரியை மிச்சம் பிடிக்க யார் கோடி ரூபாய் போட்டுக் காற்றாடி நடுவார்கள்?

1995-96ல் உச்சத்தில் இருந்த காற்றாலை நிறுவுதல், அடுத்த வருடமே பாதிக்கும் கீழே போனது. காற்று அப்படியே வீசிக்கொண்டிருந்தது. ஆர்டர்தான் வரவில்லை.

ஒரு தொழில் சம்பாதித்துக் கொடுக்கும், இன்னொரு தொழில் வளரும் என்று போட்ட கணக்கு. சம்பாதிக்கிற தொழில் படுத்த அதே நேரத்தில், வளரவேண்டிய தொழிலுக்குப் பசி இரண்டு மடங்காகியிருந்தது. 1997ல் என்.இ.பி.சி. ஏர்லைன்ஸ், ஸ்கைலைன் என்.இ.பி.சி. இரண்டுமே நின்றுபோயின. அதற்குள் ஈஸ்ட் வெஸ்ட், மோடிலுஃப்ட்டும் போயாச்சு. அந்த முதல் பந்தியில் உட்கார்ந்த பெரிய கம்பெனிகளில் எழாமல் இருந்தவை ஜெட்டும் சஹாராவும்தான்.

இந்தக் கதையைப் பிறகு வந்தவர்கள் படித்தார்களா? சந்தேகம்தான்.

பத்து வருடம் கழித்து அதே நாடகம், பெரிய மேடையில். 'சூரரைப் போற்று' பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்துக்கு ஆதாரமான கேப்டன் கோபிநாத், 2003ல் ஏர் டெக்கானை ஆரம்பித்தார். ஒரு ரூபாய்க்குக்கூட டிக்கெட் விற்று நாட்டையே வாய் பிளக்கவைத்தார். படம் விமானம் பறப்பதோடு முடிந்துவிடுகிறது. நிஜக் கதையில் அதற்கப்புறம் ஒரு ரீல் உண்டு. டெக்கான் நஷ்டத்தில் மூச்சுத் திணற, 2007 மே மாதம் விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் 550 கோடி ரூபாய் கொடுத்து 26 சதவீதப் பங்கை வாங்கியது.

மல்லையாவின் அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. வெளிநாட்டுக்குப் பறக்க ஐந்து வருட அனுபவமும் 20 விமானங்களும் வேண்டும் என்பது அன்றைய விதி. கிங்ஃபிஷர் பிறந்ததே 2005ல். டெக்கானுக்கோ 2008 ஆகஸ்ட்டில் ஐந்து வயது நிறைகிறது. அதனால் வாங்கிய கம்பெனி, வாங்கப்பட்ட கம்பெனிக்குள் போய் ஐக்கியமானது! மாப்பிள்ளை பெண் வீட்டுப் பெயரைத் தன் இனிஷியலாகப் போட்டுக்கொண்ட மாதிரி. 2008 செப்டம்பரில் பெங்களூரிலிருந்து லண்டனுக்குக் கிங்ஃபிஷர் பறந்தது. நம்ம ஊரில் ரூட் பர்மிட்டுக்காகவே பழைய பஸ்ஸை வாங்குகிற சாமர்த்தியம்தான் இது.

பர்மிட் கிடைத்தது. கூடவே டெக்கானின் நஷ்டமும் வந்தது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. டெக்கானுக்கு 'கிங்ஃபிஷர் ரெட்' என்று பெயர் மாற்றினார்கள். மறுபடியும் லேபிள்! மலிவு டிக்கெட்டுக்காக டெக்கானைத் தேடி வந்தவன், சட்டை போட்டு டை கட்டிய கிங்ஃபிஷரிடம் என்ன கேட்பான்? இண்டிகோவில் ஏறிவிட்டான். 2011ல் ரெட்டை மூடுவதாக மல்லையாவே அறிவித்தார். 2012 அக்டோபரில் மொத்தக் கிங்ஃபிஷரும் தரையிறங்கியது. மாதக்கணக்கில் சம்பளம் வராத ஊழியர்களும், ஆயிரக்கணக்கான கோடி கடன் கொடுத்த வங்கிகளும் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெட் 2007ல் சஹாராவை 1,450 கோடிக்கு வாங்கி 'ஜெட்லைட்' என்று பெயர் வைத்தது. ஜெட் 2019 ஏப்ரலில் நின்றது. அதே 2007ல் அரசாங்கம் தன் இரண்டு பிள்ளைகளான ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் சேர்த்துவைத்தது. யார் சீனியர், யாருக்கு என்ன சம்பளம் என்று பைலட்கள் வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள், வேலைநிறுத்தமும் செய்தார்கள். இதற்கு நடுவே, 2006ல் பறக்க ஆரம்பித்த இண்டிகோ வேறு எந்த விமான கம்பெனியையும் வாங்காமலே நாட்டின் மிகப் பெரிய கம்பெனி ஆனது. இப்போது டாடாக்களின் முறை. 2022ல் ஏர் இந்தியா அவர்கள் கைக்கு வந்தது. 2024 நவம்பரில் விஸ்தாராவை அதற்குள் சேர்த்தார்கள். உபசாரத்துக்குப் பெயர்போன இன்னொரு லேபிள் காணாமல் போனது. டாடாக்களுக்குப் பின்னால் இருக்கும் பணம் பட்ஜெட்டைப் பார்த்து வற்றுகிற பணம் இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். அது பெரிய வித்தியாசம்.

கோவில்பட்டிக்காரர்களுக்குப் பக்கத்து விமான நிலையம் தூத்துக்குடி வாகைகுளம். காரில் ஒரு மணி நேரம். 1992ல் வாயுதூத் என்கிற அரசாங்கக் குட்டி விமானத்தோடு அது ஆரம்பமானது. அடுத்த வருடமே வாயுதூத்தை இந்தியன் ஏர்லைன்ஸோடு சேர்க்க ஆரம்பித்தார்கள். பெரிய அண்ணனுக்குச் சின்ன ஊர்களில் அக்கறை இல்லை. பல வருடம் வெறிச்சோடிக் கிடந்த ரன்வேக்கு 2006ல் ஏர் டெக்கான் வந்தது. சென்னையிலிருந்து தினமும். அப்புறம் அது கிங்ஃபிஷர் ஆனது. அப்புறம் கிங்ஃபிஷரும் இல்லை.

பெரியவர்கள் கைமாற்றிக்கொள்ளும்போதெல்லாம் முதலில் வெட்டுப்படுவது இந்த மாதிரி சின்ன ரூட்தான். மும்பை - டெல்லி ரூட்டுக்கு எப்போதும் யாராவது இருப்பார்கள். வாகைகுளத்துக்கு அடுத்தவர் வரும்வரை, சென்னைக்குப் போகவேண்டிய நம்ம ஆட்கள் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, கோவில்பட்டி ஸ்டேஷனில் முத்துநகர் எக்ஸ்பிரஸுக்குக் காத்திருந்தார்கள்.