ஏவலும் இயலாமையும்: உரைவழிச் சாகச விளையாட்டுகளின் கதை வளர்ச்சி

கணிப்பொறி விளையாட்டு என்றதும் ஓடும் உருவங்களும் ஒளியும் ஓசையுமே பலர் நினைவுக்கு வருகின்றன. ஆயின், சொற்களை மட்டுமே கருவியாகக் கொண்ட ஒரு வகையும் உண்டு. திரையில் ஓர் இடம் உரைநடையில் விரிக்கப்படும். விளையாடுபவர் ‘வடக்கே செல்’, ‘விளக்கை எடு’ என்னும் பொருள்படும் ஆங்கில ஏவல்களைத் தட்டச்சிடுவார். அதற்கேற்பக் கதை நகரும். பிற கதைகள் பெரும்பாலும் தன்மையிலோ படர்க்கையிலோ நடக்க, இவை முன்னிலையில் நடக்கின்றன. படிப்பவர் கையில் இருப்பது ஏவல் வினை ஒன்றே. அவ்வினையைக் கொண்டு எத்தகைய கதையைக் கூறலாம் என்னும் தேடலே இவ்வகையின் வரலாறு எனலாம்.

தொடக்கம் ஓர் உண்மையான நிலத்தில் அமைந்தது. அமெரிக்க நிரலாளரான வில் கிரௌதர், கென்டக்கி மாநிலத்து மாமத் குகைப் பகுதியை அளந்து வரைபடமாக்கியவர்களுள் ஒருவர். மணமுறிவுக்குப்பின், தம் பெண்மக்கள் மகிழும்பொருட்டு, 1975-76ஆம் ஆண்டளவில் அக்குகைப் பயணத்தை ஃபோர்ட்ரான் நிரலாக எழுதினார். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டான் வுட்ஸ் அவரது இசைவுடன் அதனை விரித்து, 1977இல் புதையலும் மாயமும் மிகுந்த ‘அட்வென்ச்சர்’ ஆக்கினார். கிரௌதரின் மூல நிரலைக் குகையோடு ஒப்பிட்டு ஆராய்ந்த டென்னிஸ் ஜெர்ஸ், விளையாட்டின் அறைகள் பலவும் உண்மைக் குகையை ஒத்திருப்பதை 2007இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பிய நெறி. இவ்வகைக்கும் நிலமே முதலில் வாய்த்தது. உரிப்பொருள் பின்னரே வந்து சேர்ந்தது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1977இல் உருவாகத் தொடங்கிய ‘சோர்க்’ விளையாட்டும் நிலவறையையும் புதையலையுமே நாடியது. அதனை ஆக்கியோர் சிலர் பங்குகொண்டு 1979இல் நிறுவிய இன்ஃபோகாம் நிறுவனமே கதைக்களத்தை அகலச் செய்தது. 1982இல் வெளிவந்த ‘டெட்லைன்’ ஒரு செல்வரின் மரணத்தைப் பன்னிரண்டு மணி நேரத்தில் துப்பறியுமாறு பணித்தது. புதையல் தேடியவர் இப்போது உண்மை தேடுபவரானார்.

1983இல் ஸ்டீவ் மெரெட்ஸ்கி எழுதிய ‘பிளானட்ஃபால்’ ஒரு படி மேலே சென்றது. ஆளற்ற கோளில் விளையாடுபவருக்குத் துணையாவது ஃபிளாய்ட் என்னும் குழந்தையுள்ளம் கொண்ட இயந்திர மனிதன். இடர் நிறைந்த ஆய்வறைக்குள் அது தானே விரும்பிச் செல்ல, கதவைத் திறப்பதும் மூடுவதும் விளையாடுபவர் இடும் ஏவல்களே. திரும்பி வந்த ஃபிளாய்ட் அவர்முன் இறக்கின்றது. ‘திற’, ‘மூடு’ என்னும் எளிய சொற்கள் இங்குத் துயரின் சுமையை ஏற்கின்றன.

அவரே 1985இல் எழுதிய ‘எ மைண்ட் ஃபாரெவர் வாயேஜிங்’ அரசியலைப் பொருளாக்கியது. அதில் விளையாடுபவர் ஓர் அறிவுடைக் கணிப்பொறி. ஓர் அரசியல் திட்டம் வருங்காலத்தில் விளைவிக்கும் சீரழிவை மாதிரி நகரொன்றில் கண்டு பதிவு செய்வதே அதன் முதன்மைப் பணி. பிரையன் மோரியார்ட்டியின் ‘டிரினிட்டி’ (1986) இலண்டன் பூங்காவில் தொடங்கி, 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவில் நிகழ்ந்த முதல் அணுகுண்டுச் சோதனைவரை அழைத்துச் செல்கின்றது.

படங்களைக் கொண்ட விளையாட்டுகள் சந்தையைக் கைப்பற்றிய நிலையில், இன்ஃபோகாமின் கேம்பிரிட்ஜ் அலுவலகம் 1989இல் மூடப்பட்டது. எனினும் வடிவம் மடியவில்லை. கிரகாம் நெல்சன் 1993இல் வெளியிட்ட ‘இன்ஃபார்ம்’ என்னும் ஆக்கக் கருவியும், 1995இல் தொடங்கிய ஆண்டுப் போட்டியும் ஆர்வலர் கையில் அதனை வாழவைத்தன. 1998இல் அப்போட்டியில் வென்ற ஆடம் கேட்ரேயின் ‘ஃபோட்டோபியா’வில், எந்த ஏவலாலும் ஒரு சிறுமியின் சாவைத் தடுக்க இயலாது.

வணிக வெற்றியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இவ்வகை 1989இல் முடிந்ததாகத் தோன்றும். குகைக்கு வழிகாட்டிய ஏவல் வினை, முடிவில் ஏவலுக்கு அடங்காதவற்றையும் உணர்த்த வல்லதாயிற்று என்பதே இதன் உண்மையான வளர்ச்சி. விளையாட்டு இலக்கியத்தை அணுகிய இடமும் அதுவேயாகும்.