குழியும் கொட்டையும்

புதுக்கோட்டைச் சீமையில் பல்லாங்குழி தெரியாத பாட்டி கிடையாது. ஏழும் ஏழும் பதினான்கு குழி. பதினான்கு புளியங்கொட்டைகளை அவற்றில் எத்தனை விதமாகப் போடலாம்? கொட்டைக்குக் கொட்டை பேதம் பாராட்டாவிட்டாலும் 2,00,58,300 விதம் வருகிறது. குழியையும் கொட்டையையும் 28 ஆக்கிவிட்டால் சுமார் 38 கோடி கோடி! அணுக்களின் உலகத்திலோ இத்தனை விதங்களும் ஒரே சமயத்தில் கணக்கில் சேரும். பெரிய கணக்கு யந்திரங்களும் இங்கேதான் மூச்சுத் திணறுகின்றன.

பேதமில்லாமல் எண்ணும் வழியை முதலில் காட்டியவர் சத்யேந்திரநாத் போஸ். டாக்கா சர்வகலாசாலையில் இருந்த அவர், 1924-ல் ஒளித்துகள்களை அப்படி எண்ணிக் கட்டுரை எழுதி ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீனே அதை ஜெர்மன் பாஷையில் பெயர்த்து வெளிவரச் செய்தார். அதோடு விடாமல் அந்த எண்ணிக்கையை அணுக்களுக்கும் விரித்து, கடுங்குளிரில் அவை திரளாக ஒரே நிலையில் போய் ஒடுங்கும் என்றார்.

எழுபது வருஷம் அது காகிதத்திலேயே இருந்தது. 1995-ல் அமெரிக்காவின் போல்டர் நகரில் கார்னெலும் வீமனும் ருபிடியம் ஆவியைக் குளிரவைத்து அதை மெய்ப்பித்தார்கள். 2001-ல் அவர்களுக்கும் கெட்டர்லேக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1974-ல் காலமான போஸுக்கு அந்தப் பரிசு கடைசிவரை இல்லை. எனக்கு இதில் மனத்தாங்கல்தான்.

இதற்கிடையே, 1981-ல் ஃபெயின்மன் ஒரு யோசனை சொல்லியிருந்தார். இயற்கை குவாண்டம் விதிப்படி நடக்கிறது. அதைப் பாவித்துக் காட்டும் கருவியும் அதே விதிப்படி நடக்கட்டுமே! கணக்கு வசப்படாவிட்டால் ஆடியே பார்த்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். லேசர் கதிர்களை எதிரெதிரே விட்டால் ஒளியிலேயே வரிசை வரிசையாகக் குழிகள் விழும். அதில் குளிர்ந்த அணுக்களைப் போடலாம் என்று 1998-ல் ட்ஸோலர் குழுவினர் எழுதினார்கள். 2002-ல் மியூனிக்கில் கிரைனர், ஹான்ஷ், ப்ளாக் முதலியோர் லட்சத்துக்கு மேற்பட்ட குழிகளில் ஆடியே காட்டினார்கள். குழி ஆழமில்லாதவரை அணுக்கள் எங்கும் தடையின்றிப் பரவி நின்றன. லேசரை வலுவாக்கிக் குழியை ஆழமாக்கியதும், குழிக்கு இத்தனை என்று கட்டுண்டு நின்றுவிட்டன.

அந்தத் திருப்பத்தை 1989-ல் மாத்யூ ஃபிஷர் முதலிய நால்வர் முன்கூட்டியே வர்ணித்திருந்தார்கள். அதை எளிய முறையில் கணக்கிடும் வழி 1993-ல் பெங்களூரிலிருந்து வந்தது. எழுதியவர்கள் சேஷாத்ரி, கிருஷ்ணமூர்த்தி, ராகுல் பண்டிட், டி. வி. ராமகிருஷ்ணன். மியூனிக்கில் அதை ஆடிக் காட்டுவதற்கு ஒன்பது வருஷம் முன்பு, பாருங்கள்!

புதுக்கோட்டையில் கல்லூரிப் பையன்கள் இருவரிடம் இதைச் சொன்னேன். ஃபெயின்மனை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெங்களூர் நால்வரைத் தெரியவில்லை. போஸ் என்றதும், "நேதாஜியா, சார்?" என்றார்கள்.